உரிமம் பெற்ற முழங்கால்

கொம்பையாவின் உயிரணுக்கள் ஒரகடத்தில் குளிர்சாதன அறையில் இருந்தன. கொம்பையா பிள்ளைப்பாக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே இருந்தான். இரண்டு தரப்புக்கும் நடுவே ஷேர் ஆட்டோவில் அரை மணி நேரப் பாதையும் ஒரு வாரியமும் இருந்தன. பாதையைக் கடப்பதில் சிரமம் ஒன்றும் இல்லை.

இது நடந்தது 2013-இல். அந்த வருடம் தை மாதம் வரை கொம்பையா ஒரு கார்த் தொழிற்சாலையில் கதவுகளின் ஓரத்தில் ரப்பர் பீடிங் பட்டை பொருத்திக்கொண்டிருந்தான். எட்டு மணி நேரமும் நின்றபடி வேலை; நாற்பத்தெட்டு வினாடிக்கு ஒரு கதவு. சக்கரம் கழன்ற தள்ளுவண்டி ஒன்று அவனுடைய இடது முழங்காலைத் தேடி வந்தபோது நாற்பத்தோராவது வினாடி ஓடிக்கொண்டிருந்தது. பாதியில் விட்டுவிட்டு நகர்ந்தால் லைன் நின்றுவிடுமே என்று பாக்கி ஏழு வினாடியை முடித்துவிட்டு நகரலாம் என்றிருந்தான். வண்டிக்கு அந்தப் பொறுப்புணர்ச்சி இல்லை.

முழங்காலுக்குள்ளே குருத்தெலும்பு பெயர்ந்துவிட்டதாக டாக்டர் சொன்னார். கம்பெனி பெரிய மனதுடன் விடுப்புக் கொடுத்தது. தீபாவளிக்குள் எட்டு மணி நேரம் நிற்கத் தகுதியானவன் என்ற சான்றிதழோடு வந்தால் லைனில் இடம். மூன்று வருடப் பயிற்சிக் காலமும் அதோடு முடிவதால் நிரந்தர வேலை. வராவிட்டால் அம்பாசமுத்திரம் பக்கத்துத் தன் கிராமத்துக்கு அவன் நொண்டிக்கொண்டே போய்ச் சேரலாம்.

இங்கேதான் விஞ்ஞானம் உள்ளே வந்தது. ஒரகடத்தில் புதிதாகத் திறந்திருந்த ஆய்வகம் ஒன்று முழங்காலிலிருந்து பாசிப்பருப்பு அளவு குருத்தெலும்பை எடுத்து, அதிலுள்ள உயிரணுக்களை வளர்த்துப் பெருக்கி, திரும்ப அதே முழங்காலில் வைக்கத் தயாராக இருந்தது. முதல் நோயாளிக்கு இலவசம். "உன் சரக்கைத்தான்ப்பா உனக்கே திருப்பித் தரப்போறோம், பயப்படாதே" என்றார் டாக்டர். பங்குனியில் பருப்பை எடுத்தார்கள். ஆறு வாரத்தில் ஆள் எழுந்து நடப்பான் என்றார்கள். அந்தச் சமயத்தில் அவர்களுக்கு வாரியத்தைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கவில்லை.

கொம்பையாவின் அறையில் ஏழு பேர், மூன்று ஷிஃப்டு. எந்த நேரத்தில் பார்த்தாலும் இரண்டு பேர் வேலைக்குப் போயிருப்பார்கள், மற்றவர்கள் தலையோடு போர்த்திக்கொண்டு தூங்குவார்கள். மூன்று வருடம் ஒன்றாக இருந்தும் அவர்களில் பாதிப் பேரை விழித்த நிலையில் பார்த்தது குறைவு. அவனுக்கு நெருக்கமான கோவில்பட்டி வேல்ராஜின் கண் என்ன மாதிரி இருக்கும் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் அது துணைதான். குறட்டை என்பது ஒரு பேச்சு. விடுப்பில் இருந்தவனுக்கு அந்தப் பேச்சைக் கேட்டபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பதே வேலையாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு மட்டும் போன் வரும்.

"டோனர் கொம்பையா சாருங்களா? லேப்ல இருந்து செல்வலட்சுமி பேசுறேன். உங்க செல்லெல்லாம் நல்லா இருக்குங்க சார். நேத்து சாப்பாடு மாத்தினேன்."

"என்ன சாப்பாடு மேடம்?"

"ரோஸ் கலர்ல ஒரு தண்ணி."

"அதுகளுக்காவது வேளாவேளைக்குக் கிடைக்கே."

மறுமுனையில் சிரிப்பு. "சாருக்கு எந்த ஊரு? கிடைக்கேங்கீங்க, நம்ம பக்கமா?"

"அம்பாசமுத்திரம் பக்கம்."

"நான் கடையநல்லூருலா!"

வாரம் ஒரு முறை நோயாளிக்கு நிலவரம் சொல்ல வேண்டும் என்பது ஆய்வகத்தின் விதி. விதிப்படி ஒரு நிமிடம் போதும். அந்த வாரத்திலிருந்து நான்கு நிமிடம் ஆனது. கொம்பையா செவ்வாய்க்கிழமைகளில் காலையிலேயே குளித்துவிடத் தொடங்கினான்.

சித்திரையில் உயிரணு மருந்து ஒப்புதல் வாரியத்திலிருந்து நேர்விசாரணைக்கு அழைப்பு வந்தது. அலுவலகம் நான்காவது மாடியில். லிஃப்ட் பொருத்தி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அது இன்னொரு வாரியத்தின் ஒப்புதலுக்காகத் தரைத்தளத்தில் காத்திருந்தது. கொம்பையா ஒவ்வொரு படியாக உட்கார்ந்து, எழுந்து, உட்கார்ந்து ஏறினான்.

உள்ளே ஒன்பது உறுப்பினர்கள். நடுவில் தலைவர் டாக்டர் ஸௌந்தரராஜன். நல்ல மனிதர். அவர் மேசையில் ஒரு தூசி கிடையாது. கோப்புகளை அங்கே தங்கவிடாமல் துணைக்குழுக்களுக்கு அனுப்பிவிடுவார். வளர்த்த உயிரணு மருந்தா, உறுப்பா, அல்லது நோயாளியின் சொந்த உடைமையா என்று தீர்மானிக்க அவர் அமைத்த துணைக்குழு நான்கு வருடம் கூடிப் பேசி, மருந்து என்று அப்போதுதான் முடிவு சொல்லியிருந்தது.

"மருந்து என்றால் உற்பத்தியாளர் வேண்டும்" என்றார் தலைவர். "ஆய்வகத்தார், நாங்கள் வளர்க்கிறோமே தவிர உண்டாக்கவில்லை என்று எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறார்கள். அப்படியானால் உற்பத்தி எங்கே நடக்கிறது?"

ஒன்பது பேரும் மெதுவாகத் தலையைத் திருப்பி, கொம்பையாவின் முழங்காலைப் பார்த்தார்கள்.

"எவ்வளவு காலமாக உற்பத்தி செய்துவருகிறீர்கள்?"

"என்னத்த சார்?"

"உயிரணுவை."

"பொறந்ததுல இருந்துதான் சார்."

"உரிமம்?"

"இல்லியே சார்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபத்தாறு வருடம். உரிமம் இல்லாமல்." அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகம். "வாரியம் இதைக் கருணையோடு அணுகும். பழைய உற்பத்தி குறித்து நடவடிக்கை வேண்டாம் என்று பதிவு செய்யுங்கள். தம்பி, உங்கள் முழங்கால் எந்த முகவரியில் இயங்குகிறது?"

"என்கூடத்தான் சார் இருக்கு."

"நீங்கள்?"

"பிள்ளைப்பாக்கம், கதவு எண் நாலு பை நூத்திப் பதினெட்டு."

பதிவு செய்யப்பட்டது. முழங்காலின் உரிமம் வரும்வரை உயிரணுக்களை உறையவைத்துப் பாதுகாக்க ஆய்வகத்துக்கு உத்தரவு போனது. அடுத்த செவ்வாய்க்கிழமை செல்வலட்சுமி சொன்னாள்: "எல்லாத்தையும் நைட்ரஜன் டேங்க்ல போட்டாச்சுங்க சார். தூங்குதுக."

"அங்கயுமா?" என்றான் கொம்பையா.

வைகாசியில் வாரியத்தின் ஆய்வாளர் நம்பிராஜன் உற்பத்திக்கூடத்தைப் பார்வையிட வந்தார். தலைக்குத் துணித் தொப்பி, செருப்புக்கு மேல் நீல உறை, கையில் அட்டை. வாசலில் நின்று மூன்று முறை கையைக் கழுவ இடம் தேடினார். தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாள் அது இல்லை. அறையின் நீள அகலத்தை அளந்தார். ஜன்னலில் வலை இல்லை என்று குறித்தார். சுவரில் அடித்த ஆணியில் தொங்கிய சட்டையைப் பார்த்து, "இது கச்சாப்பொருளா, தயாரித்த பொருளா?" என்றார்.

"சட்டை சார்."

"சம்பந்தமில்லாத பொருள்" என்று எழுதிக்கொண்டு, தரையில் வரிசையாகப் போர்த்திப் படுத்திருந்தவர்களிடம் வந்தார். "இவர்களெல்லாம்?"

"ரூம்ல கூட இருக்கவங்க. வேலைக்குப் போனவங்களையும் சேத்து ஆறு பேரு."

"இவர்களுக்கும் முழங்கால் உண்டா?"

"ஆளுக்கு ரெண்டு."

நம்பிராஜன் ஓர் அடி பின்னால் போனார். "ஒரே கூரையின் கீழ், உரிமம் பெறாத ஆறு உற்பத்திக்கூடங்கள்! ஒன்றின் சரக்கு இன்னொன்றில் கலந்தால் யார் பொறுப்பு?"

வேல்ராஜ் போர்வையை விலக்கினான். அவனுடைய கண் கொஞ்சம் பழுப்பு நிறம். "ஏல கொம்பையா, இந்தாளு என்ன கேக்காரு?"

"ஒங்களுக்கும் எனக்கும் கலந்துருமாம்ல."

"மூணு வருசமா ஒரே வாளியில குளிக்கோம். இதுக்கு மேல என்னல கலக்க?"

பதினைந்து நாள் அவகாசத்தில் ஆறு பேரும் வெளியேற வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டப்பட்டது. அவர்கள் சண்டை போடவில்லை. சண்டை போட ஆறு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்க வேண்டும். ஒவ்வொருவராக ஷிஃப்டு முடிந்து வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு படப்பைப் பக்கம் போனார்கள். கடைசியாகப் போனவன் வேல்ராஜ்.

"ஒன் முட்டுக்கு ரூமு, எங்களுக்கு ரோடு. நல்ல முட்டுல!" என்றவன் வாளியைத் தூக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போய்விட்டு, திரும்பி வந்து வாளியை வைத்துவிட்டுப் போனான்.

வாடகையை 'உற்பத்திக்கூடப் பராமரிப்பு' என்று ஆய்வகம் ஏற்றுக்கொண்டது. வீட்டுக்காரர் தணிகாசலத்துக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வாசலில் இருந்தது. வாரியத்தின் விதிப்படி அங்கே ஒரு பலகை: 'கண்காணிப்பிலுள்ள உற்பத்தி வளாகம். அனுமதியின்றி நுழையாதீர்.'

"இன்னாப்பா, ஆபீசருங்கோ வந்துகினே கீறாங்க, போர்டுலாம் மாட்டிக்கிறாங்க! நாளிக்கு சிப்காட்டுக்கு நெலம் எடுக்க சொல்லோ, இந்த வூடும் ஃபேக்டரின்னு காட்டலாமா?"

"நான்தான் அண்ணே ஃபேக்டரி. வீடு இல்ல."

"யாரானா இன்னா, அட்ரஸ் நம்ம வூடுதானே" என்றார் தணிகாசலம். முன்பெல்லாம் சாயங்காலம் உள்ளே வந்து டி.வி. பார்ப்பவர், அன்றிலிருந்து பலகைக்கு மரியாதை கொடுத்து வாசலோடு நின்றுகொண்டார்.

பலகையோடு ஒரு பதிவேடும் வந்திருந்தது. இருநூறு பக்கம், கெட்டி அட்டை, 'வருகையாளர் பதிவேடு.' பெயர், எங்கிருந்து, யாரைப் பார்க்க, காரணம், உள்ளே வந்த நேரம், வெளியே சென்ற நேரம் என்று கட்டங்கள். நம்பிராஜன் தன் பெயரை முதல் வரியில் எழுதி, கையெழுத்திட்டு, மாதாமாதம் வந்து சரிபார்ப்பதாகச் சொல்லிப் போனார். அடுத்த மாதம் வந்தபோது இரண்டாவது வரியிலும் அவரே எழுத வேண்டியிருந்தது. "இடையில் வருகையாளர் எவரும் இல்லை" என்று மெச்சினார். "அபூர்வமான ஒழுங்கு. பெரிய பெரிய கம்பெனிகளால் இது முடிவதில்லை."

ஆடியில் ஊரில் அம்மன் கொடை விழா. அம்மா உலகம்மாள் போன் செய்தாள். "வந்துருவல்லா? முட்டுக்கு நேர்ந்திருக்கேன். நீ வந்து நின்னாத்தான் ஆச்சு."

கொம்பையா வாரியத்துக்கு மனுப் போட்டான். பதில் வாரத்திலேயே வந்துவிட்டது, அந்த வாரியத்தின் வரலாற்றில் மிக வேகமான பதில் அதுதான். உற்பத்திக்கூடத்தை ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்கு மாற்றத் தொண்ணூறு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். புதிய முகவரியை ஆய்வாளர் பார்வையிட வேண்டும். மாற்றிய நாளிலிருந்து பழைய விண்ணப்பம் செல்லாது. புரியாமல் நம்பிராஜனுக்கு போன் செய்து கேட்டான்.

"உங்களை யார் தடுத்தது?" என்றார் அவர் அன்பாக. "நீங்கள் தாராளமாக ஊருக்குப் போய்வரலாம். முழங்கால் போகக் கூடாது, அவ்வளவுதான்."

கொடை அன்று உலகம்மாள் போனைத் தூக்கி மேளத்துக்கு நேரே பிடித்தாள். போனில் மேளம் மேளம் மாதிரி கேட்கவில்லை. தகரக் கூரையில் கல் மழை பெய்வது மாதிரி கேட்டது. பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சார்ஜ் போய்விட்டது, யாருடையது என்று தெரியவில்லை. பதிவேட்டை எடுத்துப் புரட்டினான். நூற்றுத் தொண்ணூற்றொன்பது பக்கம் வெறுமையாகவும், ஒரு பக்கம் நம்பிராஜனாகவும் இருந்தது.

ஆவணியில் வாரியத்தின் ஒன்பதாம் ஆண்டு விழா, ஒரகடத்தில் ஒரு பெரிய ஓட்டலில். நோயாளியை மேடைக்கு அழைத்திருந்தார்கள். ஒரகடம் பக்கத்திலேயே இருந்ததால் முழங்காலுக்கு ஒருநாள் வெளியேற்ற அனுமதி தலைவரின் தனி அதிகாரத்தில் கிடைத்தது. மேடையில் ஒன்பது நாற்காலி, ஒன்பது உறுப்பினர்கள். நோயாளியை உட்காரவைத்தால் அவருக்கு என்ன அந்தஸ்து என்ற கேள்வி எழும் என்பதால், கையில் பூச்செண்டைக் கொடுத்து ஓரமாக நிற்கவைத்தார்கள். டாக்டர் ஸௌந்தரராஜன் பேச எழுந்தார்.

"ஒன்பது ஆண்டுகளில் இந்த வாரியம் என்ன சாதித்தது என்று சிலர் கேட்கிறார்கள். தலை நிமிர்ந்து சொல்கிறேன். நாம் ஒப்புதல் அளித்த சிகிச்சையால் இந்த நாட்டில் ஒருவருக்குக்கூடத் தீங்கு நேர்ந்ததில்லை. ஒருவருக்குக்கூட! காரணம், நாம் இதுவரை எதற்கும் ஒப்புதல் அளிக்கவில்லை."

கைதட்டல்.

"சில வெளிநாடுகளில் அவசரம் காட்டுகிறார்கள். நோயாளி உயிரோடு இருக்கும்போதே அனுமதியைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? பழி யார்மேல்? நாம் அப்படியல்ல. நமக்கு நோயாளிதான் முக்கியம். அவர் பொறுத்திருக்க வேண்டும் என்பதில்தான் நம் அக்கறை முழுவதும் அடங்கியிருக்கிறது. நோயாளியே இந்த வாரியத்தின் மையம். அதோ, அந்த ஓரத்தில் நிற்கிறார் பாருங்கள், நம் மையம்!"

எல்லோரும் மையத்தைப் பார்த்துக் கைதட்டினார்கள். மையம் பூச்செண்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றியது. பேச்சு ஐம்பது நிமிடம் நடந்தது. முடிவில் முழங்கால் இளநீர் அளவுக்கு வீங்கியிருந்தது. "சார், அம்பது நிமிசம் நின்னேன்னு ஒரு சர்ட்டிபிகேட் கிடைக்குமா? கம்பெனிக்குக் காட்டணும்" என்று கேட்டான். அது வேறு துறை என்றார்கள்.

புரட்டாசியில் முழங்காலுக்கு உரிமம் வந்தது. ஐந்து ஆண்டு செல்லும். சட்டமிட்டுச் சுவரில் மாட்ட வேண்டும். தீபாவளிக்கு இன்னும் ஐந்து வாரம். செல்வலட்சுமி செவ்வாய் வரை காத்திருக்காமல் வெள்ளிக்கிழமையே கூப்பிட்டாள். "டேங்க்ல இருந்து எடுத்து முழிக்க வச்சாச்சு சார்! நல்லா பிடிச்சு வளருது. மாதிரி எடுத்து டெஸ்ட் பண்ணிட்டா ஒங்க முட்டுக்கு வந்துரும். மாதிரி எடுக்கதுக்கு உற்பத்தியாளர் கையெழுத்து வேணும். நீங்க வரணும். முட்டுக்கு ஒருநாள் வெளியேற்ற அனுமதி வாங்கியாச்சு."

அன்றைக்குத்தான் கொம்பையா தன் உயிரணுக்களின் வீட்டைப் பார்த்தான். செல்வலட்சுமியையும் பார்த்தான், அதாவது தொப்பிக்கும் முகமூடிக்கும் நடுவே இரண்டு கண்களை. நம்பிராஜன் ஐஸ் பெட்டியோடு வந்திருந்தார்.

"எடுக்கதுக்கு முன்னால ஒருக்கா பாத்துக்கிடட்டுமா?" என்று கேட்டான். அதற்கு விதி ஏதும் இல்லாததால் நம்பிராஜன் யோசித்தார். தடுக்கவும் விதி இல்லாததால் விட்டுவிட்டார்.

நுண்ணோக்கியில் குனிந்தான். வெளிறிய வெளியில் சின்னச் சின்ன உருவங்கள், ஒன்றின் ஓரம் இன்னொன்றைத் தொட்டபடி, இடைவெளி விடாமல், திருவிழாவில் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு.

"ஏன் இப்படி ஒட்டிக்கிட்டே இருக்குதுக?"

"தனியா ஒண்ணு ரெண்டா விட்டா வளராதுங்க சார். சும்மா கெடந்து செத்துப்போகும். பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான் பெருகும்."

"எத்தன பேரு?"

"ஒரு கோடியே இருவது லட்சம். ஒங்க முட்டுக்கு சரியா அவ்வளவுதான் தேவை."

நம்பிராஜன் விதிப்புத்தகத்தைத் திறந்து படித்தார். ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மூன்று மாதிரிகள். ஒன்று வாரியத்தின் பரிசோதனைக்கு, ஒன்று மேல்முறையீட்டுக்கு, ஒன்று நீதிமன்றம் கேட்டால் காட்ட. இந்த விதி முதலில் மாத்திரைகளுக்காக எழுதப்பட்டது. மாதிரி ஒன்றுக்கு நாற்பது மாத்திரை. உயிரணு மாத்திரையைவிடச் சிறியது என்பதைக் கவனத்தில் கொண்டு ஒரு துணைக்குழு அதை நாற்பது லட்சம் என்று திருத்தியிருந்தது.

கொம்பையா லைனில் மூன்று வருடம் எண்ணிக்கையோடு வாழ்ந்தவன். "மூணு நாப்பது எவ்வளவு சார்?"

"நூற்றிருபது."

செல்வலட்சுமி தரையைப் பார்த்தாள். நம்பிராஜன் ஒருமுறை கூட்டினார், ஒருமுறை பெருக்கினார். அவர் முகம் மலர்ந்தது. "சரியாக இருக்கிறதே! மீதமில்லாமல் வகுபடுவது ரொம்ப அபூர்வம்."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்கு முடிவு வரும். எழுத்துமூலம்."

"இன்னும் கொஞ்சம் வளத்துக்கிட்டா?" என்று அவன் செல்வலட்சுமியைக் கேட்டான்.

"இதுக்கு மேல பெருக்கக் கூடாதுன்னு அவங்களேதான் விதி போட்டிருக்காங்க."

"தம்பி, நீங்கள் உரிமம் பெற்ற உற்பத்தியாளர்" என்றார் நம்பிராஜன், முதல் முறையாகக் கொஞ்சம் மரியாதையுடன். "கையெழுத்திட மறுக்க உங்களுக்குப் பூரண சுதந்திரம் உண்டு. மறுத்தால் இது பரிசோதிக்கப்படாத சரக்கு. இங்கேயே அழித்துவிடுவோம்."

மேசை ஓரத்தைப் பிடித்தபடி கொம்பையா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தான். அந்தப் படிவத்தில் 'உற்பத்தியாளர்' என்ற இடத்தில் பெருக்கல் குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். அங்கே கையெழுத்துப் போட்டான்.

தீபாவளி போனது. கம்பெனியிலிருந்து ஒப்பந்தம் முடிந்த கடிதம் வந்தது. கார்த்திகையில் வாரியத்தின் முடிவும் வந்தது. மாதிரிகள் மிகச் சிறந்த தரத்தில் இருப்பதாகவும், வாரியத்தின் வரலாற்றிலேயே ஒப்புதல் பெறும் முதல் மருந்து என்ற பெருமை இதற்கு உரியது என்றும், நோயாளிக்குச் செலுத்த முற்றிலும் உகந்தது என்றும் இருந்தது. கீழே சின்ன எழுத்தில்: 'இருப்பு: இல்லை.'

அதன் கீழே ஒரு நல்ல செய்தியும் இருந்தது. முழங்காலுக்கு உரிமம் இருப்பதால் இன்னொரு பாசிப்பருப்பு எடுக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் உரிமம் பிள்ளைப்பாக்கம் முகவரிக்கு மட்டுமே. ஊருக்குப் போய்விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கொம்பையா விண்ணப்பித்தான். மாதிரி எடுக்கும் விதியைத் திருத்த முடியுமா என்று ஆராய ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு போன் வந்தது.

"அண்ணே, நான்தான் செல்வலட்சுமி."

சார் போய் அண்ணே வந்ததில் ஏதோ முடிந்துவிட்டது என்று அவனுக்குப் புரிந்தது.

"இனிமே கூப்பிட முடியாதுண்ணே. செல்லு இருந்தாத்தான் டோனருக்குச் சொல்லணும்னு விதி. இப்ப சொல்லதுக்கு ஒண்ணும் இல்லேல்லா."

"சும்மா கூப்பிடக் கூடாதாம்மா?"

"லேப் போன்ல சும்மான்னு ஒரு காரணம் கெடையாதுண்ணே. என்னையும் பெங்களூருக்கு மாத்திட்டாங்க. நல்ல செல்லுண்ணே ஒங்களுக்கு. ஒட்டிக்கிட்டு வளந்துச்சு."

ஒரு நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. விதிப்படி.

மார்கழியில் நம்பிராஜன் வழக்கம்போல வந்தார். தொப்பி, உறை, அட்டை. கொம்பையா அவருக்காக டீ வாங்கி வைத்திருந்தான். உற்பத்திக்கூடத்தில் அருந்தக் கூடாது என்பதால் அவர் வாசலில் நின்று குடித்தார். உள்ளே வந்து சுவரில் உரிமத்தின் சட்டம் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். பதிவேட்டைத் திறந்தவர் நிமிர்ந்தார். அவருடைய ஏழு கையெழுத்துக்குக் கீழே எட்டாவது வரியில் வேறு ஒரு கையெழுத்து.

வாய்விட்டுப் படித்தார். "பெயர், கொம்பையா. எங்கிருந்து, பிள்ளைப்பாக்கம். யாரைப் பார்க்க, கொம்பையா. காரணம், சும்மா." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "உள்ளே வந்த நேரம், மாலை ஆறு நாற்பது. இது என்ன?"

"வாரவங்க பேரை எழுதணும்னீங்கல்லா சார்."

நம்பிராஜன் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். உற்பத்தியாளர் தம்மைத் தாமே பார்க்க வருவதற்குத் தடை எங்கும் இல்லை. காரணம் என்ற கட்டத்தில் 'சும்மா' என்று எழுதுவதற்கும் தடை இல்லை. விரல் கடைசிக் கட்டத்துக்கு நகர்ந்தது, அங்கே நின்றது.

"பெரிய குறை" என்றார். சிவப்பு மையால் வட்டமிட்டு எழுதினார்: 'வருகையாளர் வெளியே சென்ற நேரம் குறிப்பிடப்படவில்லை. ஏழு நாட்களுக்குள் விளக்கம் தேவை.' பிறகு கடிகாரத்தைப் பார்த்து, ஒன்பதாவது வரியில் தன் பெயரையும், உள்ளே வந்த நேரத்தையும், வெளியே செல்லும் நேரத்தையும் எழுதிவிட்டு வெளியே சென்றார்.

கொம்பையா அன்றைக்கே விளக்கம் எழுதி அனுப்பினான். ஒரே வரி.

'ஐயா, அவர் இன்னும் போகவில்லை.'